பாதி வழியில் ஒரு படம்

சிந்து: என்ன அத்தை, நின்னுட்டீங்க? அடுத்த மெட்ரோ லைனுக்கு மாறணும்ல...

லீலாவதி: இருடி. மருமக கட்டின ஸ்டேஷன். ஜல்தி ஜல்தின்னு ஓடிக்கிட்டே பார்க்கவா?

சிந்து: நான் எங்க கட்டினேன்? எங்க ஆபீஸே சேர்ந்து பிளான் வரைஞ்சது. என் பங்குக்கு வந்தது இந்த நடைபாதைதான்.

லீலாவதி: இதுவா! அம்மாடி... இந்தத் தூரத்துக்கு சரோஜினி நகர் மார்க்கெட்டையே ஒரு சுத்து வந்துடலாமே.

சிந்து: ரெண்டு லைனும் தள்ளித் தள்ளி இருக்கு. நடந்துதான் ஆகணும். ...கால் வலிக்குதா?

லீலாவதி: எனக்கா? சேச்சே! எதிர் சுவர்ல படம் பார்க்கிறேன். மயில் என்ன அழகு!

சிந்து: மயிலா?

லீலாவதி: ஆமா, பச்சையும் நீலமுமா... தோகை விரிச்சுக்கிட்டு...

சிந்து: அச்சா... அப்போ உட்கார்ந்தே பாருங்க. பின்னாடி திண்டு இருக்கு.

லீலாவதி: நீ சொல்றியேன்னு உட்கார்றேன். ...அப்பாடா!

சிந்து: என்ன அப்பாடா?

லீலாவதி: ஏசி காத்துடி. சுகமா இருக்கு.

சிந்து: ம்ம்... இந்தத் திண்டுக்குத்தான் எங்க பெரிய சாரோட மல்லுக்கட்டினேன். "ஜனங்க போய்க்கிட்டே இருக்கணும், உட்காரக் கூடாது"ன்னாரு.

லீலாவதி: அவருக்கு முட்டி நல்லாருக்கு போல.

சிந்து: யாருக்கு நல்லால்ல?

லீலாவதி: பொதுவா சொன்னேன்டி! நீ பாட்டுக்கு ஜெகன்கிட்ட ஓதிடாதே. "அம்மா, தனியா மெட்ரோ வேண்டாம்"னு உன் புருஷன் ஆரம்பிச்சுடுவான். வெள்ளிக்கிழமை கிட்வாய் நகர் போய் என் சிநேகிதி கோவிந்தம்மாளோட ரெண்டு பாட்டு பாடலேன்னா எனக்குப் பைத்தியமே புடிச்சிடும்.

சிந்து: நான் எதுக்குச் சொல்றேன்? இது திறக்கறதுக்கு முன்னாடி லைன் மாறின பழைய ஸ்டேஷன்லயும் உங்ககூட வந்திருக்கேன்ல... பாதி வழியில தவறாம நின்னு செருப்பு வாரைச் சரி பண்ணுவீங்க.

லீலாவதி: அந்தச் செருப்பு அப்படி...

சிந்து: செருப்பு மாத்தினோமே அத்தை. அப்புறமும் நின்னீங்க.

லீலாவதி: அது... புதுச் செருப்பு கடிச்சுதுடி.

சிந்து: வெறும் திண்டு போட்டா உங்க கௌரவம் உட்கார விடாது. அதான் எதிர்ல படம் வேணும்னு அடம் புடிச்சேன். ஒரு சாக்கு வேணும்ல?

லீலாவதி: அடிப்பாவி! எல்லாம் தெரிஞ்சும் வாயைத் திறக்கலியே!

சிந்து: திறந்தா வெளிய கிளம்பறதையே நிறுத்திடுவீங்க. ...ஆனா அத்தை, அது மயில் இல்ல. துணிக்கடை. தொங்கறது துப்பட்டா.

லீலாவதி: கண்ணாடி இன்னும் பையிலதான்டி இருக்கு. படம் எங்க தெரிஞ்சுது, சாக்குதான் தெரிஞ்சுது. ...முட்டி உயிர் போகுது சிந்து. நீயும் இப்படி உட்காரு.