இடது கையால் விதைக்கிறவள்

செல்லக்கண்ணு: அதைத் தொடாதீங்க அக்கா. மை கையில ஒட்டும்.

சித்ராதேவி: மெக்சிகோ படம்னு சீட்டு ஒட்டியிருக்கீங்க. அங்கேருந்து வந்தும் மை காயலையா?

செல்லக்கண்ணு: க்யிம்யிண்டைங் படகுத்துறையில எதுதான் காயுது? ஆத்து ஈரம்.

சித்ராதேவி: சரி... யாரு கொடுத்தா?

செல்லக்கண்ணு: ஒரு வெள்ளைக்காரர். ஃப்ரேம் போடக் கொடுத்துட்டு ரங்கூனை விட்டே போயிட்டார். அந்த ஊர்ல பழங்குடி ஜனங்க காடு கழனியில பாடுபடுறதை லினோன்னு ரப்பர் மாதிரித் தகட்டுல செதுக்கி அச்சுப் போடுவாங்களாம். சுவத்துல ஒட்ட.

சித்ராதேவி: சுவத்துல ஒட்டவா? அப்ப அரசியல்.

செல்லக்கண்ணு: சோளம் விதைக்கிறதுல என்னக்கா அரசியல்... நீங்க ஃப்ரேம் போட வந்தீங்களா, விசாரிக்க வந்தீங்களா?

சித்ராதேவி: நான் டீச்சர். கேட்டே பழகிடுச்சு.

செல்லக்கண்ணு: எந்த ஸ்கூல்?

சித்ராதேவி: இப்ப... போறதில்லை. பட்டாளம் ஆட்சிக்கு வந்ததுலேருந்து.

செல்லக்கண்ணு: ம். வாசல்ல நிக்கிற டாக்ஸி உங்களோடதா?

சித்ராதேவி: நான் கியாக்தான் ஊர்லேருந்து பஸ்ல வந்தவ. அது உங்க ஆளோன்னு நான்தான் பார்த்துக்கிட்டு இருக்கேன்.

செல்லக்கண்ணு: எனக்கு ஏது ஆளு.

சித்ராதேவி: இந்தப் படம் எங்க வீட்டுல ஒரு புத்தகத்துல இருக்கு. இதே சோளக்காடு, இதே கள்ளி, முதுகுல பிள்ளையோட இதே பொம்பளை. ஆனா அதுல அவ வலது கையால விதைக்கிறா.

செல்லக்கண்ணு: இதுல... இடது கை. வேற படமா இருக்கும்.

சித்ராதேவி: புத்தகத்துல உள்ளபடியே செதுக்கினா, அச்சுல வலது இடதாயிடும். முதல்லயே திருப்பி வரையணும். என் பையனும் லினோ செதுக்குவான், ஒரு நாளும் திருப்ப மாட்டான். வாத்தியார் திட்டித் திட்டி ஓய்ஞ்சு போனார்.

செல்லக்கண்ணு: திருப்பத் தெரியாதவன் ஊர்ல உங்க பையன் ஒருத்தன்தானா?

சித்ராதேவி: அவ காலடியில ஒரு நாய் படுத்திருக்கே, ஒத்தைக் காதோட. புத்தகத்துல நாயே கிடையாது. அது எங்க வீட்டு நாய்.

செல்லக்கண்ணு: ...கிளம்புங்க அக்கா. கடை சாத்தணும்.

சித்ராதேவி: காலையில பத்து மணிக்கா?

செல்லக்கண்ணு: ஆமா. பத்து மணிக்குத்தான்.

சித்ராதேவி: டாக்ஸி போயிடுச்சு. இப்ப சொல்லிடுறேன். அவனைக் காட்டுங்கன்னு கேக்கலை. ஒரு சேதி சொன்னா போதும். செவ்வாய்க்கிழமை அவங்க அப்பா திதி. எங்க ஒளிஞ்சிருந்தாலும் பிண்டம் வைக்க எங்க ஊர் ஆத்தங்கரைக்கு வந்துடுவான். போன வருஷமும் வந்தான்...

செல்லக்கண்ணு: வரட்டுமே.

சித்ராதேவி: பட்டாளத்துல சேரச் சொல்லி அவன் பேருக்கு மறுபடியும் கடுதாசி வந்திருக்கு. திதி என்னிக்குன்னு வார்டு ஆபீஸ்லேருந்து வந்து கேட்டுட்டுப் போனாங்க. அன்னிக்குக் கரையில காத்திருப்பாங்க. வர வேணாம்னு சொல்லணும்.

செல்லக்கண்ணு: நல்லாத்தான் பேசுறீங்க. யாரு சொல்லிக் கொடுத்து அனுப்பினா?

சித்ராதேவி: என்ன அண்ணே, பெத்தவளைப் பார்த்து...

செல்லக்கண்ணு: பெத்தவளா? அவனைப் பெத்தவ செத்து மூணு வருஷம் ஆச்சு. என்கிட்ட அவன் வாயாலயே சொன்னான்.

சித்ராதேவி: ...அப்ப இங்கதான் இருக்கான்.

செல்லக்கண்ணு: நான் எங்க அப்படிச் சொன்னேன்?

சித்ராதேவி: பயப்படாதீங்க அண்ணே. யாரு கேட்டாலும் அம்மா செத்துட்டான்னு சொல்லுன்னு அனுப்பி வச்சதே நான்தான்.