இடது தொடை எலும்பு

நகத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். அந்த அரத்தை அதற்காகத்தான் வாங்கினேன் என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா.

எலும்பு ஆய்வகத்துக்கு நான் தலைவன். குப்பைமேட்டில் நாய் கவ்விக்கொண்டிருந்த அந்த இடது தொடை எலும்பை உங்கள் ஆட்கள் மேசையில் வைத்தார்கள். வாசலில் நின்றபடியே "பொம்பளை" என்று சொல்லிவிட்டேன். அளந்து பார்ப்பதெல்லாம் கண்மேல் நம்பிக்கை இல்லாதவர்கள் செய்கிற வேலை.

என்னிடம் வேலை பார்க்கும் என் மைத்துனன் அந்த ரகம். இடுப்புக் குழியில் பொருந்தும் உருண்டை ஆணுக்குப் பெரிது, பெண்ணுக்குச் சிறிது என்பது எல்லாரும் படித்ததுதான். அதில் போய்க் காலிப்பர் என்ற அளவுகருவியை வைத்தான்.

"மாமா, நாப்பத்தொம்பது மில்லிமீட்டர் வருது. ஆம்பளை மாதிரில்ல இருக்கு?"

"நாளைக்கு இன்னொரு தடவை அளந்து பாருடா."

அவனுக்கு ஓட்டை வாய். நேரே அக்காவிடம் போய்ச் சொல்லுவான். என் மனைவி திட்டினால் தாங்கிக்கொள்வேன், சிரித்தால் தாங்கமாட்டேன். அதனால் சாப்பாட்டு வேளையில் கதவைத் தாழிட்டு உருண்டையைச் சற்றே தேய்த்தேன். மறுநாள் அவனுக்குக் குழப்பம் வந்தது. மேலும் தேய்த்தேன். நாற்பத்தொன்றில் ஒப்புக்கொண்டான். முழங்கால் முனையும் தடிப்பாகத் தெரிந்தது. கையோடு அதையும் முடித்தேன்.

"என்ன மாமா, சட்டையெல்லாம் மாவு?"

"சுவத்துல சாஞ்சுட்டேன்."

என் அறிக்கையை நம்பித்தான், மனைவியைக் கொஞ்ச நாளாகக் காணோம் என்று அக்கம்பக்கம் சொன்ன ஒரு தையற்காரரை, அவளைக் கொன்றதாகப் பிடித்து உள்ளே வைத்தீர்கள். அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள், போனில்கூடப் பேசினாள் என்று அழுதாராம். போனில் பேசக் கால் தேவையில்லை என்று உங்களுக்கு எடுத்துச் சொன்னது நான்தான்.

இப்போது ஒரு லாரி டிரைவர் ஊன்றுகோலோடு வந்து, "விபத்துல இடுப்போட எடுத்த காலுங்க அது, ஆஸ்பத்திரியில தூக்கிப் போட்டுட்டாங்க" என்கிறார். எக்ஸ்ரே படமும் வைத்திருக்கிறார். பழைய முறிவின் தழும்பு அச்சாகப் பொருந்துகிறது. உருண்டை மட்டும் ஏன் சிறுத்துப்போயிற்று என்று கேட்கிறீர்கள்.

தேய்த்தது நான்தான். தையற்காரரை விட்டுவிடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் நான் சொன்னது தவறு என்று மட்டும் எழுதாதீர்கள். டிரைவருடைய மீசையைப் பார்த்து முடிவு செய்வது அறிவியல் ஆகாது. சந்தேகமாக இருந்தால் அவருடைய வலது காலையும் ஒரு நாள் என்னிடம் கொடுத்துப் பாருங்கள். கூடவே அரத்தையும் திருப்பிக் கொடுங்கள். அந்தக் காலும் பொம்பளை என்றுதான் வரும்.