பாரம் பார்த்து மூச்சு விடும் வண்டி

பேரன்பும் பெருநோக்கும் கொண்டு இந்த ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்கும் பெரியவர் சின்னுசாமி அவர்களே! நாமக்கல்லின் பெயரை நாடெங்கும் சுமந்து செல்லும் லாரி உரிமையாளர்களே! உறக்கத்தை உதறி ஊர்களை இணைக்கும் ஓட்டுநர்த் தோழர்களே! பந்தலின் பின்னே பிள்ளைகளை மடியில் இட்டு அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பட்டறை நடத்தும் யாகப்பனின் பணிவான வணக்கம் உங்கள் அனைவருக்கும் உரித்தாகுக.

பொன்னாடை போர்த்தினீர்கள். நன்றி. கிரீஸ் ஏறிய தோளில் பொன்னாடை ஏறினால் என்ன ஆகும் என்று என் மனைவி தெரசம்மாள் இந்நேரம் கவலைப்பட்டுக் கொண்டிருப்பாள்.

அன்பர்களே! லாரியில் பாரம் ஏறுகிறது, வண்டி அமுங்குகிறது. உடனே நாம் என்ன செய்கிறோம்? ஸ்பிரிங்கில் ஒரு பட்டை சேர்க்கிறோம். இன்னும் அமுங்கினால்? இன்னொரு பட்டை! அதோ முன்வரிசையில் ஒருவர் சிரிக்கிறார். சிரிக்காதீர்கள் ஐயா, உங்கள் வண்டிக்குப் பதினான்காவது பட்டையைப் போட்டவனே நான்தான். பத்து டன் சிமெண்டு மூட்டைக்கு அந்தப் பட்டை பணிந்து கொடுக்கும். பத்துப் படி அரிசிக்குப் பணியுமா? படுத்திருக்கும் ஒரு நோயாளிக்குப் பணியுமா? பணியாது! வெறும் வண்டி குதிக்கிற குதியில் விலா எலும்பு விலகிப் போகும்.

இதை எண்ணித்தான், எங்கள் கிறிஸ்தவப் பங்குக் கோயில் மருந்தகத்துக்கு நோயாளிகளை ஏற்றவென்று, பட்டாளம் கழித்துவிட்ட கனத்த பிக்கப் வண்டி ஒன்று வந்தபோது, அதன் பின்பக்கப் பட்டைகளைக் கழற்றினேன். சென்னையில் உடைசலுக்கு வந்த வெளிநாட்டுப் பஸ்ஸிலிருந்து இரண்டு ரப்பர் பைகளை வாங்கி, அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே வைத்தேன். எஞ்சின் ஓடும்போது கம்ப்ரெஸர் காற்றை அழுத்தித் தொட்டியில் சேர்க்கும். தொட்டிக்கும் பைக்கும் நடுவே ஒரு வால்வு. வால்வின் கையை அச்சோடு பிணைக்கும் ஒரு சிறு கம்பி. பாரம் ஏறி உடல் தாழ்ந்தால் கம்பி வால்வைத் திறக்கும், காற்று உள்ளே பாயும், வண்டி நிமிரும். பாரம் இறங்கினால் மிகுந்த காற்று வெளியேறும், பை இளகும். கல்லை ஏற்றினால் கல்லுக்கேற்ற கடினம்! குழந்தையை ஏற்றினால் குழந்தைக்கேற்ற மென்மை! பாரம் பார்த்துப் பலம் தரும் பண்பு, கண்ணுக்குத் தெரியாத காற்றுக்கு இருக்கிறது அன்பர்களே!

"ஓட்டை விழுந்தால்?" என்று அங்கிருந்து ஒரு குரல் கேட்கிறது. நல்ல கேள்வி. உள்ளே ஒரு ரப்பர் கட்டை வைத்திருக்கிறேன். காற்று போனால் வண்டி அதன்மேல் உட்கார்ந்து, மெல்ல ஊர் வந்து சேரும்.

இந்த அறுபத்து நான்காம் ஆண்டு மாசி மாதம், மல்லசமுத்திரத்து விவசாயி மயில்சாமி கிணற்றுப் படியில் சறுக்கி விழுந்தார். முதுகெலும்பில் முறிவு. சேலத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வழியில் எலும்பு நகர்ந்தால் இரண்டு கால்களும் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாங்கள் வண்டியோடு போய் நின்றோம். அவர் மனைவி சௌந்திரம் என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏனுங்க, இது குலுக்காதுங்களா? எங்க ஊட்டுக்காரரு நடப்பாருங்களா?"

முதலில் ஆள் இல்லாமல் ஓட்டிப் பார்ப்போம் என்றேன். ஒரு குடம் நிறையத் தண்ணீரை வண்டியில் வைத்து, எங்கள் ஓட்டுநர் சுப்பையன் ஒரு கல் தொலைவு போய்த் திரும்பினார். குடத்தில் பாதித் தண்ணீர் இல்லை! என் பெருமையெல்லாம் அந்தத் தண்ணீரோடு வண்டித் தரையில் ஓடியது.

குனிந்து பார்த்தேன். வால்வின் கம்பியைக் கழற்றி, வால்வின் கையைச் சணலால் மேலே இழுத்து யாரோ கட்டியிருந்தார்கள்; காற்று ஓயாமல் பாய்ந்து பை கல்லாய் இறுகியிருந்தது. ஓட்டுநர்களே, உங்களில் யார் புறப்படும் முன் டயரை இரும்பால் தட்டிப் பார்க்காதவர்? 'கணீர்' என்று ஒலித்தால் காற்று உண்டு. சுப்பையன் அதே வழக்கத்தில் ரப்பர் பையைத் தட்டியிருக்கிறார். "தட்டிப் பாத்தனுங்க, தொளதொளன்னு கெடந்துச்சு. காத்துப் பத்தலைன்னு நாந்தானுங்க இழுத்துக் கட்டி ரொப்பிப்புட்டேன்" என்றார். இளகிக் கிடப்பதே அதன் இயல்பு, அதுவே அதன் வேலை என்று அவருக்குச் சொல்லித்தராதது யார் குற்றம்? என் குற்றம்! இந்த மேடையில் அதை ஒப்புக்கொள்கிறேன்.

சணலை அறுத்தேன், கம்பியை மாட்டினேன். நானே ஓட்டுகிறேன் என்று கதவைத் திறந்தேன். சௌந்திரம் தடுத்தார். "தப்புன்னு தெரிஞ்சுக்கிட்டவரே ஓட்டட்டுங்க. அவரு இனி மறக்க மாட்டாருங்க" என்றார். எந்தப் பள்ளிக்கூடம் கற்றுத்தந்தது இந்த அறிவை? நான் தலைகுனிந்து வழிவிட்டேன்.

மயில்சாமியைப் பலகையோடு ஏற்றினோம். பாதி வழியில் வரும் ஆட்டையாம்பட்டிச் சாலையின் பள்ளங்கள் உங்களுக்குத் தெரியாதா? ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரம் இறங்கியது, ஏறியது, பலகை அசையவில்லை. நான் அவர் கால்மாட்டில் உட்கார்ந்து செபமாலை உருட்டினேன்; சௌந்திரம் தன் குலதெய்வத்தைக் கூப்பிட்டார். சேலத்து ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றபோது மயில்சாமி கண்ணைத் திறந்து, ஆட்டையாம்பட்டி வந்துவிட்டதா என்று கேட்டார். அங்கேயே நான் அழுதுவிட்டேன், சொல்ல வெட்கமில்லை.

ஐந்து மாதம் படுக்கை. இன்று அவர் மூன்றாவது வரிசையில் இருக்கிறார். எழுந்திருங்கள் மயில்சாமி! கோல் ஊன்றித்தான் நிற்கிறார், ஆனால் நிற்கிறார்! பொறுங்கள், கைதட்டலை நிறுத்துங்கள். நான் இன்னும் முடிக்கவில்லை.

கூட்டத்தில் என்ன பேசட்டும் என்று இன்று காலை சௌந்திரத்தைக் கேட்டேன். என்னைப் புகழ்ந்து ஏதாவது சொல்வார் என்று ஆசைதான். அவர் சொன்னது இது: "எங்க ஊட்டுக்காரரு நடந்துட்டாருங்க. அடுத்த ஊட்டுக்காரருக்கு வண்டி எங்கேன்னு கேளுங்க."

கேட்கிறேன்! வாழப்பாடியில் விழுபவனுக்கு வண்டி எங்கே? பனமரத்துப்பட்டியில் வலியெடுக்கும் தாய்க்கு வண்டி எங்கே? ஊர் ஊராய் உப்பும் உரமும் ஏற்றும் கைகளே, உயிரை ஏற்ற ஒரு வண்டி தரமாட்டீர்களா? வண்டியைத் தாருங்கள், காற்றை நான் அடைத்துத் தருகிறேன், கூலி வேண்டாம்!

தலைவர் எழுந்து நிற்கிறார். ஒரு விரல் காட்டுகிறார்... இல்லை, இரண்டு விரல்! இரண்டு வண்டி என்கிறார்! சௌந்திரம் அம்மா, உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. நாளைக் காலையே பட்டறைக்கு வண்டிகளை அனுப்புங்கள். வணக்கம்!