மாதாவின் முக்காட்டில் ஆறு ஊக்குகள்

என் பெயர் எபிபானியா டுமலாவோ, வயது அறுபத்தெட்டு, காலஞ்சென்ற சிரிலோவின் மனைவி, சாந்தா ரோசாலியா ஊரில் கோயிலுக்குப் பின் தெருவில் குடியிருக்கிறேன். மூத்த பேரன் ரோடெல் சரக்குக் கப்பலில் இரண்டாம் இன்ஜினியர். பேத்தி மைலின் ரியாத்தில் நர்ஸ். அடுத்தவன் மணிலாவில் சட்டம் படிக்கிறான். கடைசிப் பேத்தி லிகாயா, எட்டு வயது, மாகாணப் பாட்டுப் போட்டியில் முதல் பரிசு. வழக்கை மட்டும் சொல்லும்படி வாக்குமூலம் எழுதும் போலீஸ் அதிகாரி சொன்னார். லிகாயாதான் வழக்கு.

உயிர்ப்பு ஞாயிறு விடியலில் துக்க மாதா சுரூபம் கறுப்பு முக்காட்டோடு தேரில் ஒரு தெருவிலும், உயிர்த்த ஆண்டவர் மறு தெருவிலும் வந்து கோயில் வளைவில் சந்திப்பார்கள். சம்மனசு, அதாவது வானதூதர் வேடமிட்ட சிறுமி கயிற்றில் இறங்கிப் பாடி முக்காட்டை எடுப்பாள். இவ்வருடம் அதற்கு லிகாயா என்று முடிவாகி, இரண்டு மாதம் பாடிப் பழகினாள். அதன் பிறகு, உயிர்ப்புக்கு ஒரு வாரம் முன், குருத்து ஞாயிறன்று சாமியார் மேயரின் பேத்தி ஜெஸ்ஸா பெயரை வாசித்தார்.

அதன் பிறகு சனிக்கிழமை மாலை, இருபத்திரண்டு வருடமாகச் செய்வதுபோல, மாதாவை உடுத்தப் போனேன். மேயரின் மனைவி மிலாக்ரோஸ் நீல அங்கியை ஒதுக்கிவிட்டு ஆரஞ்சு அங்கியை நீட்டினார். ஆரஞ்சு மேயர் கட்சியின் நிறம். தேர்தலுக்கு மூன்று வாரம் இருந்தது.

"மேயரம்மா, மாதாவையும் வேட்பாளர் ஆக்கிட்டீங்களா?" என்றேன்.

"நிறத்துல என்ன கட்சி, பானியாக்கா? ஆரஞ்சுப் பழம்கூட எங்க ஆளா? பேத்தி ஏறலன்னு வயிறு எரியுதா?"

அந்த அங்கியையே உடுத்தி, மேலே முக்காட்டைப் போட்டு, ஆறு ஊக்குகளால் அங்கியோடு சேர்த்துக் குத்தினேன்.

அதன் பிறகு ஞாயிறு விடியலில் ஜெஸ்ஸா இறங்கி, பாடி, மூன்று முறை இழுத்தும் முக்காடு வரவில்லை. "இழுடி!" என்று மிலாக்ரோஸ் கத்தினார். பிள்ளை அந்தரத்தில் சுழன்றபடி அழுதாள். நான் நான்கு முழத் தூரத்தில் நின்றும் ஊக்கை அவிழ்க்கவில்லை. அதன் பிறகு மிலாக்ரோஸ் தேரில் ஏறி முக்காட்டைப் பிய்த்தார். ஆரஞ்சு தெரிந்ததும் கூட்டத்தில் ஒருவன், "மறக்காம மாதாவுக்கே ஓட்டுப் போடுங்க!" என்றான். முழந்தாளிட்டிருந்தவர்களில் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். கடவுளுக்கு மடக்கிய காலை மேயருக்கு மடக்க அவர்களுக்கு மனமில்லை. நானும் எழுந்தேன்.

பக்தியா பொறாமையா என்று அதிகாரி கேட்டார். கயிற்றில் லிகாயா தொங்கியிருந்தால் அந்த ஆரஞ்சு அங்கியை நானே இஸ்திரி போட்டிருப்பேன். ஆனாலும் அந்த அங்கி தப்புதான். வழிபாட்டைக் குலைத்ததாக மிலாக்ரோஸ் கொடுத்த புகாரில் ஊக்கு என்னுடையது, அங்கி அவருடையது.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். என் வாயிலிருந்து வந்ததுதான், கூட்டவோ குறைக்கவோ இல்லை. கைநாட்டு வேண்டாம், கையெழுத்தே போடுகிறேன்.

(ஒப்பம்) எபிபானியா டுமலாவோ

ஒப்பமிட்ட பின் சொன்னது: கோயில் அறிவிப்புப் பலகையில் ஜெஸ்ஸா கயிற்றில் அழும் படத்தை ஒட்டியிருக்கிறார்கள். ஊரே பார்த்துச் சிரிக்கிறது. முதல் நாள் எனக்கும் இனித்தது. பிள்ளை என்ன செய்தாள்? மாதாவுக்கு நீல அங்கி உடுத்தித் தருகிறேன். ஜெஸ்ஸாவைப் பக்கத்தில் நிறுத்தி வேறு படம் எடுத்து ஒட்டச் சொல்லுங்கள்.