எமனைக் கூடையில் அள்ளிவந்தவர்

காட்டையும் காளானையும் எங்கள் கணினிக்குள் கொண்டுவந்த தலைவர் தூலிக்கி அம்மையார் அவர்களே! குவோப்பியோ நகர நூலகத்துக் கூடத்தில் குளிரைக் குல்லாயோடு கழற்றி வைத்திருக்கும் பெரியோர்களே! பிள்ளைகளைவிடப் பின்னூட்டங்களைப் பொறுப்பாக வளர்க்கும் தாய்மார்களே! பதிவைப் படிக்காமலே பதில் எழுதும் பண்பாளர்களே! அனைவருக்கும் இந்தச் சிர்க்காவின் வணக்கம்.

காட்டில் பறித்த காளானைப் பற்றி நாம் எழுதும் 'காளான் கூடை' வலைப்பூவில் கடுஞ்சொல் உண்டா? உண்டு. கேலி உண்டா? கூடை கூடையாக உண்டு. அதில் பெரிய பங்கு யாருக்கு? என்ன, அதற்குள் கைதட்டல்! ஆம், ஈசல்மி நகரத்து ஆவுலிசுக்கு!

காளானில் ளகரத்தை லகரமாக்கி, துணைக்காலையும் விழுங்கி, "இன்று கூடை நிறையக் காலன் கிடைத்தான்" என்று எழுதினாரே! "எமனையே அள்ளிவந்த எங்கள் வீரரே, முதலாம் வகுப்பில் போய் உட்காருங்கள்" என்று எழுதினேன் நான். நீங்களெல்லாம் சிரித்தீர்கள். மறுநாள் முதல் அவர் வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், நாற்பது நாள்! என் நாக்கு சுட்டதோ என்று என் நெஞ்சு சுட்டது. இலவங்கப்பட்டை ரொட்டி வாங்கிக்கொண்டு ஈசல்மிக்கு ரயிலேறினேன்.

கதவைத் திறந்தவரின் வலது கை தொங்கிக் கிடந்தது.

"யாரும்மா?"

"சிர்க்காய்யா. உன்னை ஒன்னாங்கிளாசுக்கு அனுப்புனவ. கோவமா?"

"கோவமா? அதைப் படிச்சு வயிறு வலிக்கச் சிரிச்சேன். அடுத்த நாள் பக்கவாதம். இப்ப இடது கையால கணினியில அடிச்சா எல்லாம் தப்பாயிருது. தெரிஞ்சா அத்தனை பேரும் அய்யோ பாவம்பீங்க. அது வேணாம்."

"முன்னாடி மட்டும் என்னத்தக் கிழிச்ச? எந்தக் கை அடிச்சுதுன்னு எவன் கண்டுபிடிப்பான்?"

பாதி முகத்தால் சிரித்தார். இரண்டு கண்ணாலும் அழுதார். அந்த வாரமே எழுதினார். நான்கு சொல், ஆறு பிழை. நீங்கள் ஒன்றும் அறியாமல் கேலியில் கும்மியடித்தீர்கள். அறிந்தவள் நான், எனக்கு மட்டும் கை எழவில்லை. மாலையில் தொலைபேசி அடித்தது.

"எல்லாரும் ஓட்டுறாங்க, நீ மட்டும் ஏன் கம்முனு இருக்க? எம்மேல இரக்கமா?"

அவையோரே, அந்தக் கேள்வியில் கூசிப்போனேன்! கேலி செய்ய ஆளில்லாதவன் அனாதை. நம்மை நம்பித் தன் பிழையைத் தருகிறவனிடம் அனுதாபத்தை நீட்டுவதா? அவனை நம் வரிசையிலிருந்து எழுப்பி நோயாளி நாற்காலியில் உட்கார்த்துவதா? கூடாது! அன்றே எழுதினேன்: "ஆறு பிழைதானா? சோம்பேறி!"

அவரே சொல்லும்படி கேட்டுக்கொண்டதால்தான் இன்று இதைச் சொல்கிறேன். என்ன ஆவுலிஸ், முறைக்கிறீர்கள்? வாருங்கள், அடுத்த பேச்சு உங்களுடையது. மேடைக்கு மூன்று படி. யாரும் கைபிடிக்க எழ வேண்டாம், அவரே ஏறுவார். ஏறி முடிக்கும்வரை, அன்பர்களே, ஓயாமல் கிண்டல் செய்யுங்கள்!

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், என் பேச்சைப் பொறுத்துக்கொண்ட அவருக்கும் என் நன்றி. நெஞ்சு நிறைந்த வணக்கம்.