ஓரெஸ்தேயின் மனு

முதலில் அந்த நாற்காலியை மாற்றச் சொல்லுங்கள், இன்ஸ்பெக்டரம்மா. முதுகுக்குத் தாங்கலே இல்லை. இதிலேயே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தால் உங்கள் இடுப்பு போய்விடும். அப்புறம் நஷ்டஈடு கேட்டுப் போனால், வீட்டில் குழந்தையைத் தூக்கியதால் வந்த வலி என்று எழுதிக் கையில் கொடுத்துவிடுவார்கள். எனக்குத் தெரியாததா? என் பிழைப்பே அதுதானே.

கராராவில் பளிங்கு மலையில் அடிபட்டவன் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போவான். கட்டுப் போட்டுக்கொண்டு நேரே சங்க அலுவலகத்து மாடிக்கு என்னிடம் வருவான். நான் வக்கீல் இல்லை. சட்டத்தைப் பாதியில் விட்டவன். ஆனால் காப்பீட்டு அலுவலகத்துக்கு மனு எழுதுவதிலும் மேல்முறையீடு செய்வதிலும் இந்த மலையடிவாரத்தில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. எவாரிஸ்தோ எப்படி என்று வெளியே நிற்கிற உங்கள் காவலரையே கேளுங்கள், அவருடைய மாமாவுக்கு நஷ்டஈடு நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

சட்டம் ரொம்ப எளிது. விரல், கை, கால், கண் ஒவ்வொன்றுக்கும் ஒரு சதவீதம் வைத்திருக்கிறார்கள். உடம்பில் போனதைக் கூட்டிப் பார்த்து ஒரு கோட்டைத் தாண்டினால் பணம் உண்டு. தாண்டாவிட்டால் ஒன்றும் கிடையாது, கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள். தாண்டியதா இல்லையா என்று சொல்கிறவர் காப்பீட்டு டாக்டர் பெல்லேரி. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்களே, அந்தப் பூசாரி இவர்தான். மரக்கட்டை போல நிற்கிற விரலைக்கூட மடங்குகிறது என்று எழுதுவார். மனு தள்ளுபடியான அன்று என்னைக் காப்பீட்டு அலுவலகப் படிக்கட்டில் பார்த்தால், "என்ன எவாரிஸ்தோ, இன்னைக்கும் வெறுங்கைதானா?" என்று சிரிப்பார். அதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொண்டதில்லை.

நெல்லோ என்று ஒரு மெருகு போடுகிறவன். பலகைக் கல் சரிந்து அவனுடைய இரண்டு விரல் நசுங்கியது. பெல்லேரி பார்த்தார், கோட்டைத் தாண்டவில்லை என்றார். வாசலில் நின்று நெல்லோ குழந்தை மாதிரி அழுதான். இன்னும் கொஞ்சம் நசுங்கியிருந்தால் கிடைத்திருக்கும், உன் நேரம் சரியில்லை என்று ஆறுதலாகச் சொன்னேன். வேறெதையும் நினைத்துச் சொல்லவில்லை.

ஒரு விடியற்காலையில் அவன் திராட்சைச் சாராயப் புட்டியோடு என் வீட்டு முற்றத்தில் வந்து நின்றான். "அண்ணே, நீங்க சொன்ன அந்த இன்னும் கொஞ்சத்தை நீங்களே பண்ணி வுட்ருங்க. நானே பண்ணப் பார்த்தேன், கை வரல," என்றான்.

என் அப்பா சிற்பி. அவருடைய சுத்தியல் முற்றத்துக் கொட்டகையில் அப்படியே கிடந்தது. நெல்லோவுக்குச் சாராயம் கொடுத்து, வாயில் துண்டைத் திணித்து, கையைக் கல்லின் மேல் வைத்துக் கட்டினேன். எலும்பு உடைகிற சத்தம் நாம் நினைப்பதைவிடச் சின்னதுதான், பச்சைக் குச்சியை முறிப்பது போல. முதல் அடி தவறி நல்ல விரலில் விழுந்துவிட்டது. அதுவும் வீண்போகவில்லை, சதவீதத்தில் சேர்ந்துகொண்டது. கையைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வேலைக்குப் போனவன், சொல்லிக் கொடுத்தபடி கல்லின் அடியில் கையை வைத்துக்கொண்டு கத்தினான். இந்த முறை பெல்லேரியால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சுத்தமான காயத்தை எந்த டாக்டரும் நம்ப மாட்டார். மலையில் பட்ட காயம் என்றால் உள்ளே பளிங்குத் தூள் இருந்தாக வேண்டும். அதனால் முற்றத்தில் கிடக்கும் தூளில் ஒரு பிடி அள்ளி, பிளந்த இடத்தில் நன்றாகத் தேய்த்துவிடுவேன். சுத்தியலுக்குப் பல்லைக் கடித்துக்கொள்கிறவர்கள்கூடத் தூளுக்குத் துடித்துவிடுவார்கள்.

பிறகு ஒருவர் சொல்லி ஒருவர் வந்தார்கள். நான் யாரையும் தேடிப் போகவில்லை. ஒருவனுக்கு முழங்கை, ஒருவனுக்கு மணிக்கட்டு. லொரேன்சோனி என்கிற கிரேன்காரருக்கு முழங்காலில் போட்ட அடி சீழ் பிடித்து, காலையே எடுக்க வேண்டியதாயிற்று. நான் வருத்தத்தோடு பார்க்கப் போனேன். அவர் மனைவி என் கையைப் பிடித்து முத்தமிட்டாள், ஏனென்றால் கால் முழுசாகப் போனதற்கு மாதாமாதம் ஆயுள் வரைக்கும் வரும். நான் ஒரு காசு வாங்கியதில்லை. கஷ்கொட்டை மாவு அப்பம் கொண்டுவந்து கொடுப்பார்கள், அதை மறுக்க முடியுமா? கேட்காத எவனையும் நான் தொட்டதில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது ஓரெஸ்தேயைப் பற்றித்தானே கேட்கிறீர்கள்? சொல்கிறேன். அவர் வெள்ளைக்கல் குவாரியில் துளை போடுகிறவர். வருஷக்கணக்கில் தூளைக் குடித்து இரும ஆரம்பித்தார். கல்தூள் நோய் என்று மனு எழுதினேன். சிகரெட்டால் வந்த இருமல், நுரையீரல் நன்றாகத்தான் இருக்கிறது என்று பெல்லேரி எழுதினார். மேல்முறையீடு செய்தேன். அதுவும் தள்ளுபடி. அன்று படிக்கட்டில் அவர், "ஊதறதை நிறுத்தச் சொல்லுப்பா, நஷ்டஈட்டை நான் தர்றேன்," என்றார். கூட இருந்த குமாஸ்தாக்கள் எல்லாம் சிரித்தார்கள்.

நான் ஓரெஸ்தேயின் மனைவி ஈனெஸைத்தான் நினைத்தேன். அவர் படுக்கையில் செத்தால் அவளுக்கு ஒன்றுமே கிடையாது. மலையில் செத்தால் ஆயுள் முழுக்கப் பென்ஷன். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். கல் உடைக்கிறவன் அப்படியில்லை, இடம் பார்த்துச் சாக வேண்டும். இதை அவர்கள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து பக்குவமாக எடுத்துச் சொன்னேன்.

ஓரெஸ்தே இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார். "அடேய், நான் மூச்சு விடறதுக்கு மனு போடச் சொன்னா, நீ சாகறதுக்குப் போட்டுத் தர்றேங்கறியே," என்றார். ஈனெஸ் சிரிக்கவில்லை. ரொட்டியும் உப்பில் ஊறின பன்றிக்கொழுப்பும் வைத்திருந்த தட்டை என் முன்னாலிருந்து எடுத்துவிட்டாள். "ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம். நீ கெளம்பு," என்றாள்.

இதற்கெல்லாம் கோபித்துக்கொண்டால் என் தொழில் நடக்காது. விருந்துக்குப் போன இடத்தில் போதும் போதும் என்று கையை மறைக்கிறோம், அதற்காகப் பரிமாறாமல் விடுகிறார்களா? மனைவி எதிரில் ஓரெஸ்தே வேறென்ன சொல்வார்? வாசல் வரை வந்து வழியனுப்பும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார். அவர் கேட்டுக்கொண்டதாகவே நான் எடுத்துக்கொண்டேன்.

மத்தியானம் எல்லோரும் கீழே கொட்டகைக்குச் சாப்பிட இறங்கிவிடுவார்கள். இருமல் மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருக்குமென்று ஓரெஸ்தே மட்டும் மேல்தட்டில் உட்கார்ந்து சாப்பிடுவார். ஒருநாள் அங்கே ஏறிப்போய், கையெழுத்து வாங்க வந்தேன் என்றேன். நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார், ரொட்டியைப் பிட்டும் கொடுத்தார். அவர் மதுப்புட்டியைத் திறக்கக் குனிந்தபோது பின்மண்டையில் சுத்தியலால் அடித்தேன். ஒரே அடியில் முடியும் என்று நினைத்திருந்தேன், முடியவில்லை. முடிந்த பிறகு கடப்பாரையால் நெம்பி ஒரு கல்லை அவர் மேல் உருட்டிவிட்டேன். தலை இருந்த இடம் தட்டையாகிவிட்டது, இனி எது எந்த அடி என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அப்போதுதான் அந்த முட்டாள்தனத்தைச் செய்தேன். மலை முழுக்கத் தூளாய்க் கிடக்கும்போது, என் முற்றத்திலிருந்து ஒரு பிடி பையில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். பழக்கதோஷம். அதைக் கழுத்தில் தேய்த்தும் விட்டேன். என் அப்பா செதுக்கியது சாம்பல் கல். ஓரெஸ்தேயின் குவாரியில் சாம்பல் கல் கிடையாது. பெல்லேரி வெளியூர்க்காரர், அவருக்கு எல்லாத் தூளும் ஒன்றுதான், நானும் அப்படியே இருந்துவிட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சட்டையை ஈனெஸ் ஊறப்போட்டிருக்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் சட்டையில் மாவு மாதிரி வெள்ளைத் தண்ணீர்தான் இறங்கும். இந்தத் தடவை ரத்தத்தோடு சாம்பலாய் இறங்கியது. ஊரில் சாம்பல் தூள் கிடக்கிற முற்றம் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். பிழியாமல் அப்படியே வாளியோடு தூக்கிக்கொண்டு உங்களிடம் வந்துவிட்டாள்.

அதற்குள் பென்ஷன் மஞ்சூராகியிருந்தது. பெல்லேரியே கையெழுத்துப் போட்டார். அன்று படிக்கட்டில் என்னைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டுவிட்டு வாயைத் திறக்காமல் இறங்கிப் போனார். கொலை என்று நீங்கள் எழுதினால் அந்தப் பென்ஷன் நின்றுபோகும். அதனால்தான் இத்தனை நாளும் நான் பேசவில்லை, எனக்காக அல்ல.

இன்று காலை ஈனெஸ் கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். அழவில்லை. "பென்ஷனை நாய்க்குப் போடு. அவரு கடைசியா உங்கிட்ட என்ன சொன்னாரு, அதை மட்டும் சொல்லு. சாகணும்னு கேட்டாரா?" என்றாள். என்னால் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. நீங்கள் சொல்லிவிடுங்கள்.

கேட்கவில்லை. முதல் அடிக்குப் பிறகு திரும்பி என் கழுத்தைப் பிடித்தார். "விட்ருடா, ஈனெஸ் பாத்துக்கிட்டு இருப்பா," என்றார். இரண்டு தடவை சொன்னார், இருமாமல் சொன்னார். அந்தப் பிடியிலிருந்து விடுபட நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நெஞ்சு செத்த ஆளுக்கு அவ்வளவு பலம் இருக்காது. டாக்டர் எழுதியது சரிதான், இந்த மனிதர் கிழவனாகிற வரைக்கும் இருப்பார் என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. சுத்தியலைக் கீழே போட்டிருக்கலாம், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கலாம், அவரும் பிழைத்திருப்பார். ஆனால் யோசித்துப் பாருங்கள், இன்ஸ்பெக்டரம்மா, அதோடு நிறுத்தியிருந்தால் அந்த மனுவிலும் பெல்லேரியே ஜெயித்திருப்பார்.