நடைபாலத்துக்கு நான் போட்ட மதிப்பெண்கள்

"கொஞ்சம் சிரிங்க" என்று யாரோ சொன்ன நொடியிலேயே எப்போதும் அமர்ந்திருப்பதுபோல் வீற்றிருக்கும் தலைவர், நம் ஸ்டூடியோக்காரர் அவர்களே. கையில் வரைபடமும் மடியில் தலைக்கவசமும் நெஞ்சில் நம் எல்லோர்மீதும் சற்றே அச்சமும் கொண்டு அமர்ந்திருக்கும் பொறியாளர் அம்மையார் அவர்களே. முன்வரிசையில் இடம் பிடித்துவிட்ட பெரியவர்களே. அந்த இடத்தைப் பிடித்துக் கொடுத்துவிட்டுப் பின்வரிசையில் நிற்கும் தாய்மார்களே. மிதிவண்டியில் ஒரு காலை ஊன்றி, உட்காரவும் மனமில்லாமல் போகவும் மனமில்லாமல் நிற்கும் தம்பிகளே. மாடியில் துணி மடிப்பதுபோல் நடித்துக்கொண்டு ஒரு சொல் விடாமல் கேட்கும் சகோதரிகளே. உங்கள் எல்லோருக்கும் இந்த மாலை நேரத்து வணக்கம்.

அழைப்பிதழில் எனக்கு 'வாழ்த்துரை' என்று அச்சிட்டிருக்கிறார்கள். நான் வாழ்த்த வரவில்லை. ஒரு விடைத்தாளைத் தப்பாகத் திருத்திவிட்டேன் என்று ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன். அந்த விடையை எழுதியவர் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார். கூட்டம் கலைவதற்குள் என் தப்பைத் திருத்தாவிட்டால், திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அதைச் சுற்றி இரும்பு வேலி போட்டுவிடுவார்கள்.

விளங்கவில்லையா? விளங்கும்படி சொல்வதற்குத்தானே முப்பத்துநான்கு ஆண்டு சம்பளம் வாங்கினேன்.

என் பின்னால் நிற்கும் நடைபாலத்தைப் பாருங்கள். எட்டு மாதமாக நாம் வேறு எதைப் பார்த்தோம்? தோண்டும்போது பார்த்தோம், தூண் நடும்போது பார்த்தோம், தூக்கிய இரும்பு தொங்கும்போது தொண்டை வறளப் பார்த்தோம். மழை பெய்தால் வேலை நிற்குமோ என்று கவலைப்பட்டோம். மழையிலும் வேலை நடந்தால் பாலம் நிற்குமோ என்று கவலைப்பட்டோம். அந்தப் பக்கத்துப் படிக்கட்டு போன வாரம்தான் வந்தது. அதற்கு முன்பே மாலையானால் குடும்பம் குடும்பமாக இந்தப் பக்கம் ஏறுவார்கள், தடுப்புவரை நடப்பார்கள், நிற்பார்கள், இறங்குவார்கள். இறங்கி வந்த ஒருவரை நிறுத்திக் கேட்டேன்.

"எதுக்குப்பா ஏறினீங்க?"

"எப்படி இருக்குன்னு பாக்கத்தான் சார்."

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. அந்தப் பக்கம்தான் போக முடியலை."

நம் மக்கள் நியாயமானவர்கள். குறை சொல்வதற்கு முன் நாற்பத்தாறு படி ஏறிப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார்கள்.

அந்தக் குறைகளை எழுதுவதற்காக, வேலை நடக்கும் கொட்டகையின் வாசலில் பொறியாளர் அம்மையார் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டார். 'பொதுமக்கள் கருத்து' என்று அட்டையில் எழுதியிருந்தது. ஒரு நூலில் நோட்டு, ஒரு நூலில் பேனா. பேனா மூன்றாம் நாள் காணாமல் போனது. நூல் இருக்கிறது.

என்ன எழுதவில்லை நாம்? இரண்டாம் மாடிச் சகோதரி ஒருவர் எழுதினார்: 'பாலத்தில் நடப்பவர்களுக்கு எங்கள் கொடியில் காயும் துணி தெரிகிறது. பாலத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கவும்.' அதன் கீழே அவர் கணவர்: 'மேலே உள்ளதே என் கருத்தும்.' மருந்துக்கடைக்காரர், படிக்கட்டு தம் கடை வாசலில் இறங்கினால் வயதானவர்களுக்கு உடனடி உதவி கிடைக்கும் என்று எழுதினார். என்ன கருணை. இன்னொருவர், 'பாலம் நன்று, சாலையைத்தான் வேறு இடத்தில் போட்டிருக்க வேண்டும்' என்றார். பெயர் எழுதாத ஒருவர், 'மூன்றாம் தெருவில் வீடு வாடகைக்கு, தண்ணீர் வசதி உண்டு' என்று எழுதினார். அதுவும் கருத்துதான்.

இங்கேதான் என் குற்றம் தொடங்குகிறது.

காலையில் பால் வாங்கப் போகும்போது அந்த நோட்டைப் பார்த்தேன். கோடு போட்ட நோட்டு. பக்கம் பக்கமாகக் கட்டுரை. என் சட்டைப்பையில் சிவப்புப் பேனா. ஓய்வு பெற்றவன் நான்தான். பேனா இன்னும் பணியில் இருக்கிறது. கை சும்மா இருக்குமா? ஒரு கட்டுரைக்குப் பத்துக்கு ஆறு போட்டேன். அடுத்ததற்கு ஐந்து. கருத்து நன்று, கையெழுத்து மோசம் என்று ஓரத்தில் எழுதினேன். கீழே, பழக்கதோஷம், தேதி போட்டுச் சுருக்கொப்பமும் வைத்தேன். வீட்டுக்கு வந்ததும் வீட்டம்மா கேட்டார்கள், "பால் எங்க?" நான் விவரம் சொன்னேன். "ரோட்டுல போறவங்க நோட்டையுமா திருத்துவீங்க? நாளைக்கு பஸ் டிக்கெட்டுக்கும் மார்க் போடுங்க" என்றார்கள்.

நிற்கவில்லை நான். தினமும் போனேன், தினமும் திருத்தினேன். அதில் ஒருநாள் ஓர் அருமையான கட்டுரை வந்தது. இரண்டு முழுப் பக்கம். அச்சில் வார்த்த கையெழுத்து. 'நகரத்தின் நெற்றிக்கு ஒரு வளைவு வேண்டாமா? அந்த வளைவில் வண்ணவிளக்கு வேண்டாமா? அந்த விளக்கின் கீழே புதுமணத் தம்பதியர் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்ள வேண்டாமா?' மூன்று வேண்டாமா. முத்து முத்தான நடை. பத்துக்கு ஒன்பது போட்டேன். எழுதியவர் யார் என்று கேட்கிறீர்களா? புகைப்படம் என்றதுமே தெரியவில்லையா? தலைவர் அவர்களே, தலை குனியாதீர்கள். நடை உண்மையிலேயே நன்றாக இருந்தது.

அதே நாள், அதே பக்கத்தின் அடியில், ஒரே ஒரு வரி: 'நான் எப்படி ஏறுவது?'

அவ்வளவுதான். பெயர் இல்லை, விளக்கம் இல்லை, முன்னுரை இல்லை, முடிவுரை இல்லை. பத்துக்கு இரண்டு போட்டேன். பக்கத்தில், 'விரிவாக விடையளிக்கவும்' என்று எழுதினேன்.

நோட்டு அலுவலகத்துக்குப் போனது. கூடுதலாக ஒரே ஒரு வேலை செய்துகொள்ள இந்தப் பாலத்துக்கு அனுமதி உண்டு. அது மக்கள் கேட்டதாக இருக்க வேண்டும். அங்கே நோட்டைத் திறந்தால் சிவப்பு மை, மதிப்பெண், தேதி, சுருக்கொப்பம். தலைமை அலுவலகத்திலிருந்து மதிப்பீட்டுக் குழு வந்து போயிருக்கிறது என்று நினைத்துவிட்டார்கள். 'அதிக மதிப்பெண் பெற்ற கருத்து ஏற்கப்படுகிறது' என்று கடிதம் வந்தது. வரைபடத்தில் வளைவு வந்தது. விளக்கு வந்தது. நாம் கைதட்டினோம். நானும் தட்டினேன்.

சிரியுங்கள், சிரியுங்கள். இதற்குமேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்தச் சட்டையைப் பாருங்கள். சாலைக்கு அந்தப் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறாரே, அந்தத் தங்கை தைத்தது. வீடு இந்தப் பக்கம், கடை அந்தப் பக்கம். சிறு வயதிலிருந்தே ஊன்றுகோல். பதினொரு ஆண்டாக, நடுத்தடுப்பில் இருக்கும் இடைவெளி வழியாகத்தான் சாலையைக் கடக்கிறார். ஊன்றுகோலைத் தூக்கிக் காட்டினால் லாரியும் நிற்கும். போக்குவரத்துக் காவலருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. போன வாரம் சட்டை வாங்கப் போனேன்.

"இன்னும் ரெண்டு சட்டைக்குத் துணி இருக்கும்மா, அடுத்த மாசம் கொண்டு வரேன்" என்றேன்.

"இப்பவே குடுத்துடுங்க சார். அடுத்த மாசம் கடை இருக்காது."

"ஏம்மா?"

"பாலம் தொறந்ததும் அந்த இடைவெளியை வேலி போட்டு அடைச்சுடுவாங்களாம். நாப்பத்தாறு படி நான் எங்க ஏற? சிக்னல் வழியா சுத்தி வரணும்னா ஒன்றரை கிலோமீட்டர். நோட்டுல எழுதினேன் சார். யாரோ ஒரு மகானுபாவர் ரெண்டு மார்க் போட்டு, விரிவா எழுதச் சொல்லியிருக்கார். அவருக்குக் கால் நல்லா இருக்கும்போல."

என் சட்டைப்பையில் சிவப்புப் பேனா இருந்தது. அவர் தைத்த பை. கையால் மூடிக்கொண்டு திரும்பி வந்தேன்.

தங்கையே, அந்த மகானுபாவர் நான்தான். எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறேன். என்னை மன்னிக்க வேண்டும்.

மறுநாளே பொறியாளர் அம்மையாரிடம் ஓடினேன். "அந்த சிவப்பு மை நீங்களா சார்? நாங்க ஃபைலே போட்டு முடிச்சுட்டோம்" என்று தலையில் கை வைத்தார். சாய்தளம் கட்ட முடியுமா என்றேன். "முடியும் சார். ஆனா கூடுதல் வேலை ஒண்ணுதான். வளைவு, இல்லன்னா சாய்தளம். வளைவு கேட்டவரே வேணாம்னு நோட்டுல எழுதிக் கொடுத்தா மாத்திடலாம். சாய்தளம் முடியுற வரைக்கும் இடைவெளியையும் அடைக்க மாட்டோம். திங்கக்கிழமைக்குள்ள எழுதணும்" என்றார்.

ஆகவே தலைவர் அவர்களே... மணி அடிக்கிறீர்களா? முப்பத்துநான்கு ஆண்டு மணி அடித்தவுடன் எழுந்து போனவன் நான். இன்று போகமாட்டேன்.

பாலம் என்றால் என்ன? இருபத்திரண்டு தூணா? இல்லை. ஏழு நிறத்தில் எரியப்போகும் விளக்கா? இல்லை. இந்தப் பக்கம் இருப்பவரை அந்தப் பக்கம் சேர்ப்பது பாலம். பதினொரு ஆண்டாகத் தானே போய்ச் சேர்ந்துகொண்டிருந்த ஒருவரை, இனிமேல் சேராதே என்று நிறுத்துவதற்கு என்ன பெயர்? சொல்லுங்கள், என்ன பெயர்?

சுவர் என்று சொன்னது யார்? மிதிவண்டித் தம்பியா? சரியான விடை, உட்காரலாம். இடமில்லை, நில்லுங்கள்.

வளைவின் கீழே நின்று படம் எடுக்கலாம், தலைவரே. நானே வீட்டம்மாவோடு வந்து நிற்பேன். அந்தப் படத்துக்கு நான் போட்டுக்கொள்ளும் சட்டையை யார் தைப்பது? படத்தில் நாம் சிரிக்கும்போது அதற்குள் வராமல் போனவர் யார்?

என்ன கேட்கிறீர்கள் தலைவரே? "சாய்தளத்து மேலயே வளைவு வெக்க முடியாதா?" என்கிறார். பொறியாளர் அம்மையார் தலையாட்டுகிறார், இப்படியும் அப்படியுமாக. முடியாதாம்.

சரி, அந்த ஒலிபெருக்கியைத் தையல்காரத் தங்கையிடம் கொடுங்கள். இரண்டு மதிப்பெண் போட்டவன் கேட்கிறேன், அம்மா. அன்று விரிவாக எழுதச் சொன்னேன். இன்று மேடை உங்களுடையது, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். விரிவாகச் சொல்லுங்கள்.

கேட்டீர்களா? "விரிவா சொல்ல ஒண்ணும் இல்லை சார். நான் எப்படி ஏறுறது?"

அவ்வளவுதான் சொன்னார். இத்தனை நேரம் நான் பேசியது எதற்கு என்று எனக்கே தெரியவில்லை.

ஏன் எழுந்துவிட்டீர்கள் தலைவரே? என் பேனாவா? இந்தாருங்கள். நோட்டு அங்கே, பொறியாளர் அம்மையார் மடியில் இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள், எழுதுகிறார். அவர் எழுதினால் இரண்டு பக்கம் போகும், உட்கார்ந்திருங்கள். முடித்துவிட்டாரா? அதற்குள்ளா?

படிக்கிறேன். இரண்டு பக்கக் கட்டுரையின் குறுக்கே ஒரு கோடு. கீழே மூன்று 'வேண்டாமா' எழுதிய அதே அழகான கையெழுத்தில் ஒரே ஒரு சொல்: 'வேண்டாம்.'

"எனக்கு எத்தனை மார்க் சார்?" என்கிறார். பேனாவைக் கொடுங்கள். பத்துக்குப் பத்து. அதற்கு மேலே, 'நான் எப்படி ஏறுவது?' என்று இருக்கிறதே, அங்கே இரண்டை அடித்துவிட்டுப் பத்துக்குப் பத்து. 'விரிவாக விடையளிக்கவும்' என்பதையும் அடித்துவிட்டேன்.

இனி இந்தப் பேனாவை வீட்டம்மாவிடம் ஒப்படைக்கிறேன். இதோ, இரண்டாம் வரிசையிலிருந்து கையை நீட்டிவிட்டார்கள்.

ஒரு வளைவை விட்டுக்கொடுத்து ஊரை நிமிர்த்திய தலைவருக்கும், ஓர் ஆசிரியரின் மையை நம்பி ஏமாந்த பொறியாளர் அம்மையாருக்கும், மூன்று சொல்லில் பாடம் நடத்திய தங்கைக்கும், கைதட்டி முடிக்காமல் இன்னும் தட்டிக்கொண்டிருக்கும் உங்களுக்கும் என் நன்றி. போகும்போது படிக்கட்டில் போங்கள் அல்லது இடைவெளியில் போங்கள், பார்த்துப் போங்கள். வணக்கம்.